நான்கு மானிட்டர், ஒரு செஸ்னா: பீளமேட்டில் ஒரு வீட்டு சிமுலேட்டர்

மாமாவின் வீடு கோவை காளப்பட்டி ரோட்டில். மொட்டை மாடியில் நின்றால் பீளமேட்டில் இறங்கும் விமானத்தின் சக்கரம் வரைக்கும் தெரியும். ஒரு மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் மென்பொருள், அதில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம், ஒரு 27 அங்குல மானிட்டர், ஒரு யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்), ஒரு ஜோடி பெடல். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினார். டேக் ஆஃப் நன்றாக வரும். நேராகப் பறப்பதும் நன்றாக வரும். சர்க்யூட் மட்டும் கடைசிவரை வரவில்லை.

சர்க்யூட் என்பது ஓடுதளத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு மறுபடி இறங்குவது. பைலட் பயிற்சியில் முதலில் திரும்பத் திரும்பச் செய்வது இதைத்தான். கோவை ரன்வே 05, 23 என்ற இரண்டு திசையில் இருக்கிறது. தரைமட்டமே கடல்மட்டத்துக்குச் சுமார் 1,300 அடி மேலே. அதற்கு மேல் இன்னொரு ஆயிரம் அடி ஏறி, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்க வேண்டும். இதுதான் டவுன்விண்ட். ரன்வேயின் முனை தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் வந்ததும் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அது பேஸ். இன்னொரு திருப்பம் திருப்பினால் ஃபைனல், நேரே ரன்வே.

இதில் முக்கால்வாசி நேரம் பைலட் பார்ப்பது இடது ஜன்னல் வழியாகத்தான். ஒற்றை மானிட்டரில் இடது ஜன்னலே கிடையாது. மாமா குத்துமதிப்பாகத் திரும்புவார். ஃபைனலில் வந்து பார்த்தால் ரன்வே பக்கத்தில் தள்ளி நிற்கும். "ஏனுங்க மாப்பிள, இன்னும் ரெண்டு மானிட்டர் வாங்கிப் போட்டா சரியாப் போயிருமா?" என்று கேட்டார். போய்விடும் என்று நானும் நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒன்று அமைக்க நினைப்பவர்கள் நாங்கள் போன சுற்றுவழியில் போக வேண்டாம்.

கம்ப்யூட்டர் நான் சேர்த்துக் கொடுத்ததுதான். ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். கார்டின் பின்னால் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. மொத்தம் நான்கு மானிட்டர், அதற்கு மேல் அந்தக் கார்டு ஓட்டாது. மதர்போர்டிலும் ஒரு எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று ஐந்தாவதை அதில் செருகிப் பார்த்தோம். திரை கருப்பாகவே இருந்தது. இந்த பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் மதர்போர்டின் அந்தத் துளைக்குப் படம் போகவே போகாது. ஆக, நான்குதான் எங்கள் எல்லை. இதை முதல் நாளே தாளில் எழுதி வைத்திருந்தால் பின்னால் பல யோசனைகள் மிச்சமாகியிருக்கும்.

மூன்றையும் ஒன்றாக்கிப் பார்த்தது

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஏற்கெனவே இருந்த மானிட்டரின் அளவிலேயே இன்னும் இரண்டு 27 அங்குலம் வாங்கி, நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தோம். என்விடியா டிரைவரில் சர்ரவுண்ட் என்று ஒரு வசதி உண்டு. மூன்று திரையையும் விண்டோஸுக்கு ஒரே நீளத்திரையாகக் காட்டும். 1920-க்கு 1080 மூன்று சேர்ந்தால் 5760-க்கு 1080. மூன்றும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ரிஃப்ரெஷ் ரேட்டில் இருந்தால்தான் சேரும். புதியவை 75 ஹெர்ட்ஸ், பழையது 60. எல்லாவற்றையும் 60-க்கு இறக்கியதும் சேர்ந்துகொண்டன.

படம் வந்தது. முதல் பார்வைக்குப் பிரமாதமாக இருந்தது. அரைமணி ஓட்டிய பிறகு மாமா சொன்னார்: "ரன்வே அங்கயே நிக்குதுங்க, நான் கீழ வந்துட்டேன்." இறங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய நேரம் தெரியாமல் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். ஒற்றை மானிட்டரில் இருந்ததைவிட மோசம்.

காரணம் படத்தை வரையும் முறையில் இருந்தது. மூன்று திரையும் ஒரே திரையாகத் தெரிவதால் சிமுலேட்டர் ஒரே ஒரு கேமராவை வைத்து, ஒரே தட்டையான படமாக வரைகிறது. நாங்கள் பார்வைக் கோணத்தை 140 டிகிரி வைத்திருந்தோம். தட்டையான படத்தில் கோணம் கூடக்கூட ஓரம் இழுபடும். 70 டிகிரி ஓரத்தில் இருக்கும் பொருள், நடுவில் இருப்பதைவிட அகலத்தில் எட்டு மடங்குக்கு மேல் இழுபடுகிறது. பக்கத்து மானிட்டரில் ஹாங்கர் (விமானக் கொட்டகை) ரயில் பெட்டி மாதிரி நீண்டு தெரிந்தது அதனால்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடு மானிட்டரில் நடந்ததுதான் உண்மையான சேதம். கணக்குப் போட்டால் அந்த ஒரு திரைக்குள் 85 டிகிரி காட்சி அடைபட்டிருந்தது. மாமா உட்காரும் இடத்திலிருந்து அந்தத் திரை அவர் கண்ணில் பிடிக்கும் இடம் 46 டிகிரிதான். அதாவது நேரெதிரே இருக்கும் ரன்வே, இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. சின்னதாகத் தெரிவது தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். மனுஷன் தூரத்தில் இருக்கிறது என்று நம்பி இறங்கிக்கொண்டே போயிருக்கிறார்.

சர்ரவுண்டைக் கழற்றினோம். எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிக் கேமரா கொடுக்கலாம். கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய், அந்தந்த மானிட்டரை முழுத்திரை சிமுலேட்டர் என்று மாற்றினால், அதற்கென்று பார்வைக் கோணம், பக்கவாட்டு நகர்வு, செங்குத்து நகர்வு, சாய்வு ஆகியவற்றை எண்ணாகவே கொடுக்க முடியும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இலும் 2022-இல் கூடுதல் ஜன்னல்கள் திறக்கும் வசதி சோதனை நிலையில் வந்தது. ஆனால் இப்படி எண் கொடுத்து அமைப்பது எனக்குப் பழக்கமான இடம் எக்ஸ்-பிளேன்தான், மாமாவிடம் இருந்ததும் அதுதான்.

எண் கேட்கிறது. அந்த எண்ணை எங்கே போய் எடுப்பது?

அளவுநாடாவும் நூலும்

இங்கேதான் மாமா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். நாற்காலியில் வழக்கமாக உட்காருவது போல உட்கார்ந்து, அத்தையைக் கூப்பிட்டுத் தன் கண்ணுக்கு நேர் மேலே கூரையில் பென்சிலால் குறி போடச் சொன்னார். அந்தக் குறியில் ஒரு ஆணி. ஆணியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு. குண்டின் முனை அவர் கண் இருக்கும் உயரத்தில் நிற்கும்படி நூலை முடிச்சுப் போட்டார். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு, அந்த முனையிலிருந்து இன்னொரு நூலை 70 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக் கட்டினார். மூன்று மானிட்டரின் நடுப்புள்ளியிலும் சின்னச் செல்லோ டேப் ஒட்டி, நூலின் நுனி அந்த டேப்பைத் தொடும்படி மானிட்டரை ஒவ்வொன்றாக நகர்த்தினார். நூல் திரைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒரு மானிட்டருக்குக் கால் மணி நேரம். அறையில் ஃபேனை நிறுத்திவிட்டோம், நூல் ஆடக்கூடாது என்பதற்காக.

இனிக் கணக்கு சுலபம். 27 அங்குலத் திரையின் படம் தெரியும் அகலம் 59.8 செ.மீ. அதில் பாதியை 70-ஆல் வகுத்து, டேன் இன்வர்ஸ் எடுத்து இரண்டால் பெருக்கினால் 46.3 டிகிரி. இதுதான் ஒவ்வொரு கேமராவுக்கும் கொடுக்க வேண்டிய பார்வைக் கோணம். மானிட்டருக்கு இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்தால் 61.8 செ.மீ.; அதே கணக்கில் 47.6 டிகிரி. பக்கத்து மானிட்டரின் பக்கவாட்டு நகர்வு இதுதான், இடப்பக்கத்துக்கு மைனஸ். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 1.3 டிகிரி சொச்சம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் உலகம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தெரு மறைவதைப் போல. பலர் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் ஒரு கோடு சட்டத்தைத் தாண்டும்போது படி இறங்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும். மூவாயிரம் அடியில் பறந்து, இறக்கையை 10 டிகிரி சாய்த்து, படத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அடிவானம் இடது மானிட்டரின் மேல்மூலைப் பக்கமிருந்து வலது மானிட்டரின் கீழ்மூலைப் பக்கம் வரை, தூக்குக்குண்டின் முனை இருந்த இடத்திலிருந்து பார்க்கும்போது, முறியாமல் ஓடவேண்டும். எங்களுக்கு முதலில் இடப்பக்கச் சட்டத்தில் விரல்கடை அளவு முறிந்தது. அந்த மானிட்டர் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்திருந்தது. நட்டை முறுக்கி நிமிர்த்தியதும் கோடு சேர்ந்தது. அந்தக் கணத்தில் மாமா எதுவும் பேசவில்லை. கையை நீட்டி அடிவானத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிப் பார்த்தார்.

இன்னொன்று. 70 செ.மீ. தூரத்தில் இந்தத் திரை மேலிருந்து கீழாகப் பிடிப்பது 27 டிகிரிதான். அதனால் விமானத்தின் டேஷ்போர்டு ஏறக்குறைய தெரியாது. மூக்கும் வானமும் தரையும் மட்டும்தான். "ஜூம் பண்ணின மாதிரி இருக்கே" என்று முதல் பத்து நிமிடம் யாருக்கும் தோன்றும். கோணத்தை விரித்துவிடத் தோன்றும் ஆசையை அடக்க வேண்டும். மீட்டர்களைப் பார்க்கத்தான் நான்காவது மானிட்டர்.

மீட்டர் போர்டு

வீட்டில் சும்மா கிடந்த 21.5 அங்குல மானிட்டர் யோக்குக்கு மேலே, நடுத்திரைக்குக் கீழே போனது. எக்ஸ்-பிளேனின் செஸ்னா 172, பழைய வட்ட மீட்டர்களோடும் வருகிறது, கார்மின் ஜி1000 என்ற இரண்டு டிஜிட்டல் திரைகளோடும் வருகிறது. மாமா ஓட்டுவது ஜி1000. அந்தத் திரையை மவுஸால் கிளிக் செய்தால் தனிப் பெட்டியாக எழும். மூலையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் சிமுலேட்டரை விட்டு வெளியே வந்து விண்டோஸின் தனி ஜன்னலாகிவிடும். அதை இழுத்து நான்காவது மானிட்டரில் விட்டோம்.

நிஜ ஜி1000 திரை 10.4 அங்குலம். அதாவது 21.1 செ.மீ. அகலம். எங்கள் மானிட்டர் 47.6 செ.மீ. அகலம். இரண்டு திரையையும் அச்சு அசல் நிஜ அளவில் பக்கம் பக்கமாக வைத்தாலும் அஞ்சு சென்டிமீட்டர் மிச்சம். ஒவ்வொரு ஜன்னலையும் 850 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் அளவு வந்துவிடுகிறது. மாமா ஸ்கேலை வைத்துத் திரை மேலேயே அளந்து திருப்திப்பட்டார். வாங்காமலே இவ்வளவு பொருத்தமாக ஒன்று அமைந்தது இந்த வேலை முழுவதிலும் இது மட்டும்தான்.

ஃப்ரேம்

மூன்று கேமரா என்றால் உலகத்தை மூன்று தடவை வரைய வேண்டும். மூன்று முழு எச்டி சேர்ந்தாலும் அறுபத்திரண்டு லட்சம் பிக்சல்தான், ஒரு 4கே திரையைவிடக் குறைவு. அதனால் கார்டு தாங்கும் என்று நினைத்தேன். கார்டு தாங்கியது, பிராசசர் திணறியது. ஒவ்வொரு காட்சிக்கும் எந்தக் கட்டிடம், எந்த மரம் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது பிராசசரின் வேலை. ஒரே திரையில் விநாடிக்கு ஐம்பத்தைந்து படத்துக்கு மேல் ஓடிய ஃப்ரேம், மூன்றில் இருபத்திரண்டு, இருபத்துமூன்றுக்கு வந்தது. ஊருக்கு மேலே பறக்கும்போது இருபதையும் தொட்டது.

இருபது என்பது முக்கியமான கோடு. அதற்குக் கீழே போகும்போது எக்ஸ்-பிளேன் கணக்கு பிசகாமல் இருக்க, சிமுலேட்டருக்குள் நேரத்தையே மெதுவாக்கிவிடும். மாமா கைக்கடிகாரத்தில் விநாடி எண்ணிப் பேஸ் திருப்புகிறவர். கடிகாரம் ஒரு வேகத்தில், விமானம் ஒரு வேகத்தில் போனால் எண்ணியதெல்லாம் வீண். கட்டிடங்களின் அடர்த்தியைக் குறிக்கும் அமைப்பை இரண்டு படி இறக்கினேன். பெரிய பலன் அதில்தான் வந்தது. கட்டிட நிழலை நிறுத்தினேன். தண்ணீர்ப் பிரதிபலிப்பைக் குறைத்தேன். இப்போது முப்பத்தைந்தை ஒட்டி நிற்கிறது. சிங்காநல்லூர் குளத்தில் மேகம் பிரதிபலிப்பதில்லை. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

கரண்ட்

மானிட்டர் தாங்க ஸ்டாண்டு கடையில் வாங்கவில்லை. கணபதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் அடித்து வாங்கினோம். மானிட்டரின் முதுகில் 100 மி.மீ. சதுரத்தில் நான்கு துளை இருக்கும், எம்4 ஸ்க்ரூ. ஸ்க்ரூ நீளமாக இருந்தால் உள்ளே பேனலைக் குத்திவிடும், வாஷர் போட்டு நீளத்தைக் குறைக்க வேண்டும். இவ்வளவுதான் அதில் கவனிக்க வேண்டியது.

ஸ்டாண்டு வந்த அன்று மாலை, அத்தை பெருக்கும்போது பைப்பில் கை பட்டு "சுருக்" என்றது என்றார். மாமா டெஸ்டரை வைத்தார், பளிச்சென்று எரிந்தது. மல்டிமீட்டரில் பைப்புக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வோல்ட்டுக்கு மேல். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றினால் மூன்றாவது பின்னில் வயரே இல்லை. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வாசலில் ஃபில்டர் கெபாசிட்டர்கள் இரண்டு கம்பியிலிருந்தும் கேபினெட்டுக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட், மெயின்ஸில் பாதி வோல்ட்டில் மிதக்கும். கேபிளின் உறை வழியாக அது மானிட்டருக்கும், அங்கிருந்து பைப்புக்கும் வந்திருக்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனாலும் வீட்டில் குழந்தைகள் புழங்கும் இடம். இரும்பு ஸ்டாண்டு வைப்பவர்கள் மானிட்டரை மாட்டுவதற்கு முன்னால் எர்த்தைச் சோதியுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது யுபிஎஸ். ஃபைனலில் ஐந்நூறு அடிக்கு வரும்போது எல்லாம் அணைந்தது. கரண்ட் போகவில்லை; யுபிஎஸ் லோடு தாங்காமல் விழுந்துவிட்டது. அது 600 விஏ, அதாவது 360 வாட். மாமா ஒரு எக்ஸ்டென்ஷன் வயரின் உறையைப் பிரித்து, ஃபேஸ் கம்பியை மட்டும் தனியாக எடுத்து கிளாம்ப் மீட்டரை மாட்டினார். இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். பறக்கும்போது 2 ஆம்பியருக்குச் சற்று மேல் காட்டியது. 230-ஆல் பெருக்கினால் 460-க்கு மேல். கார்டுக்கு மட்டுமே 220 வாட், பிராசசருக்கு நூறு, மானிட்டர் ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து. கூட்டிப் பார்க்காமல் விட்டது என் தவறு. இப்போது 900 வாட் தாங்கும் யுபிஎஸ்.

இதோடு சேர்ந்த சின்னத் தொல்லை ஒன்றும் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கும் மானிட்டரைப் பட்டனில் அணைத்தால், பிடுங்கிவிட்டதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். ஜன்னல்கள் இடம் மாறும், சிமுலேட்டரின் மானிட்டர் அமைப்பும் குலையும். ஆகவே முதலில் நான்கு மானிட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். அணைக்கும்போது தலைகீழ். அத்தை இதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டாண்டில் கட்டியிருக்கிறார்.

இடப்பக்கம்

எல்லாம் சரியான பிறகும் சர்க்யூட் முழுதாக வரவில்லை. இறங்குவது பழுதில்லாமல் வந்தது. பேஸ் திருப்பம் இன்னும் குத்துமதிப்புதான். மூன்று மானிட்டரை நடுவிலிருந்து சமமாக விரித்தால் இரண்டு பக்கமும் 71 டிகிரி வரைதான் தெரியும். டவுன்விண்டில் ரன்வே இருப்பது 90 டிகிரியில். அதாவது பார்க்க வேண்டிய இடம் இடது மானிட்டரின் ஓரத்தையும் தாண்டி, சுவரில் இருந்தது. வலது மானிட்டரிலோ, இந்தச் சர்க்யூட்டைப் பொறுத்தவரை, காலி இருக்கையும் அதன் ஜன்னலும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கேட்டார்: "ஏனுங்க, வலது கைப்பக்கம் இருக்கறதைக் கழட்டி இந்தக் கடைசில மாட்டினா என்னங்க?"

இரண்டு பக்கமும் சமமாக வைப்பது கார் பந்தய விளையாட்டிலிருந்து வந்த பழக்கம். சின்ன விமானத்தில் பைலட் உட்காருவது இடப்பக்கம், பழகுவது இடதுகைச் சர்க்யூட். வலது மானிட்டரைக் கழற்றி இடதுக்கும் இடதாக மாட்டினோம். நகர்வு மைனஸ் 95.3. இப்போது வலப்பக்கம் 23 டிகிரி, இடப்பக்கம் 118 டிகிரி வரை உலகம். கேமரா அதே மூன்று, கார்டுக்குச் சுமை அதே. நாற்காலியில் ஏறவும் இறங்கவும் வலப்பக்கம் திறந்து கிடைத்தது, மாமாவின் முழங்காலுக்கு அதுவும் உதவி.

பேஸ் திரும்ப வேண்டிய இடம் மூக்கிலிருந்து 135 டிகிரி. திரை 118-இல் முடிந்துவிடுகிறது. மிச்சத்தை மாமா கணக்காலேயே பிடித்தார். ரன்வேயிலிருந்து 0.8 கடல் மைல் தள்ளி, 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில், காற்றில்லாமல் பறந்தால், ரன்வேயின் முனை திரையின் கடைசி ஓரத்தில் மறைந்ததிலிருந்து 15 விநாடி. மறையும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார், பதினைந்தில் திருப்புகிறார். முதல் நாள் பத்து சர்க்யூட்டில் ஏழு, ஃபைனலில் ரன்வே மூக்குக்கு நேராக வந்து நின்றது. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை.

வலதுகைச் சர்க்யூட் பழக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ஸ்டாண்டின் வலப்பக்கப் பைப்பைக் காட்டினார். அதே அளவில் நான்கு துளை ஏற்கெனவே போட்டு, துருப்பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு அடித்து வைத்திருந்தார்.